மெல்லிசாகக் கொட்டிய சேறு

மாமனார் தன்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டார் என்பது கேப்டனுக்கு உடனே உறைக்கவில்லை. மனிதர் எப்போதுமே வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று இருக்கிறவர்தான். அன்றைக்கு மதியச் சாப்பாட்டின்போது தண்ணீர் ஜாடி கேப்டனின் முழங்கைப் பக்கம் இருந்தது. மாமனார் அவரைத் தாண்டி, அடுப்படியில் நின்றிருந்த மகளைப் பார்த்து, “அந்த ஜாடி கொஞ்சம் இந்தப் பக்கம் வந்தா தேவலை” என்றார். கேப்டன் எடுத்து நகர்த்தி வைத்தார். மாமனார் அதைத் தொடவில்லை. மகள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, ஜாடியைத் தூக்கி மறுபடி அதே இடத்தில் வைத்த பிறகுதான் ஊற்றிக் குடித்தார். அப்போதுதான் உறைத்தது.

“என்ன மாமா, உடம்புக்கு ஏதாவது?” என்று கேட்டார் கேப்டன்.

“எனக்கு உடம்புக்கு ஒண்ணுமில்லன்னு சொல்லும்மா” என்றார் மாமனார், மகளிடம்.

“அவர் காது கேக்கற தூரத்துலதான்ப்பா இருக்கார்.”

“இருக்கட்டும். நீ சொல்லு.”

காரணம் என்னவென்று கேட்கவே வேண்டியிருக்கவில்லை. கேப்டன் ஓட்டுவது தூர்வாரும் கப்பல். ஆறு கொண்டுவந்து தள்ளுகிற சேறு துறைமுக வாயை அடைத்துக்கொண்டே இருக்கும். இந்தக் கப்பல் பெரிய குழாயைக் கீழே இறக்கி அந்தச் சேற்றை உறிஞ்சி வயிறு முட்ட நிரப்பிக்கொள்ளும். பிறகு கடலுக்குள் போய், துறைமுக அலுவலகம் குறித்துக் கொடுத்த இடத்தில் நின்று, அடிக்கதவுகளைத் திறக்கும். சேறு மொத்தமும் பெருமூச்சு விடுகிற நேரத்தில் இறங்கிவிடும். பாரம் குறைந்த கப்பல் குலுங்கி நிமிரும். அந்த நிமிர்வு கேப்டனுக்கு ரொம்பப் பிடிக்கும். கீழே என்ன ஆகிறது என்று அவர் யோசித்ததில்லை. கடல் அவ்வளவு பெரிசு. சேறும் எங்கேயாவது போய்த்தானே ஆக வேண்டும்.

அந்த வருஷம், பழைய இடம் நிரம்பிவிட்டது என்று சொல்லி அலுவலகம் புது இடம் ஒன்றைக் காட்டியது. மாமனார் வாழ்நாள் பூராவும் வலை விரித்த கடல்தரையில் ஒரு பாதி அதற்குள் வந்தது. அங்கே மேயும் நாக்கு மீன்தான் அவருக்கு வீடு கட்டிக் கொடுத்தது, இரண்டு பெண்களைப் படிக்க வைத்தது. மருமகன் போய் அதன் தலையில் ஒரு பருவம் முழுக்கச் சேறு கொட்டி மேடாக்கினார். மாமனார் வலையைத் தூக்கியபோது கண்ணிக்குக் கண்ணி சாம்பல் நிறச் சகதி அப்பிக்கொண்டு வந்தது. மீன் என்று பெயர் சொல்ல ஒன்றும் இல்லை.

மாமனார் சத்தம் போடவில்லை. அதுதான் கேப்டனுக்குத் தாங்கவில்லை. சத்தம் போட்டிருந்தால் இவரும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருக்கலாம். “நான் என்ன மாமா பண்றது, அவங்க காட்டின எடத்துல கொட்டறேன்” என்று நாலு வார்த்தை பேசியிருக்கலாம். பேசாத மனிதரிடம் எந்தப் பக்கம் போய் முட்டிக்கொள்வது? கேப்டனின் மனைவி இரண்டு பேருக்கும் நடுவில் தபால்காரி வேலை பார்த்துப் பார்த்து அலுத்துப்போனாள்.

“ஒண்ணு நீங்க அவர் கால்ல விழுங்க, இல்ல அவர் உங்களை ரெண்டு சாத்து சாத்தட்டும். நடுவுல என் தொண்டைதான் வத்திப்போகுது” என்றாள்.

மனைவியின் தங்கை, கேப்டனின் மச்சினி, கடல் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். அவளுடைய வேலை கடலடியில் இருக்கிற புழுக்களைப் பார்ப்பது. அதை மட்டும்தான் பார்ப்பாள். திமிங்கிலம் கரை ஒதுங்கினால்கூட எட்டிப் பார்ப்பாளா என்பது சந்தேகம். வீட்டில் அவளுக்குப் புழுக்காரி என்று பெயர் வைத்ததே கேப்டன்தான். அவள் ஒருநாள் போனில் கூப்பிட்டாள்.

“அத்தான், நாளைக்கு உங்களுக்கு லீவுதானே? கூடத்துக்கு வந்துட்டுப் போங்க. ஒண்ணு காட்டணும்.”

“உங்கப்பா அனுப்பினாரா?”

“அப்பாவுக்குத் தெரியாது. வாங்க.”

ஆராய்ச்சிக்கூடம் என்றதும் கேப்டன் மனதில் பளபளவென்று ஏதோ இருந்தது. போய்ப் பார்த்தால் அது பாத்திரம் துலக்குகிற இடம் மாதிரி இருந்தது. நீளமான தொட்டிகள், ஒழுகுகிற குழாய்கள், சுவரில் ஆணியடித்து வரிசையாக மாட்டிய சல்லடைகள், மூடி போட்ட வாளிகள். மூக்கைத் துளைக்கிற மருந்து வாடை வேறு. மின்விசிறி இருந்தும் அதைப் போட விடவில்லை. தட்டில் இருக்கிறது காய்ந்துவிடுமாம்.

முதலில் ஒரு கண்ணாடித் தட்டை அவர் முன்னால் வைத்தாள். அதில் கடல்தண்ணீர். தண்ணீருக்குள் சுண்டுவிரல் கனத்தில் ஒரு மணல் குழாய் படுத்திருந்தது. மணல் துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஒட்டிய மாதிரி அவ்வளவு நேர்த்தி. சும்மா ஒரு குச்சி என்றுதான் கேப்டன் நினைத்தார். சற்று நேரம் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தபோது அதன் வாயிலிருந்து செம்மஞ்சள் நிறத்தில் ஒரு கொத்து விரிந்தது. பூ மாதிரியும் இருந்தது, இறகு மாதிரியும் இருந்தது. அவர் “அட” என்று குனிந்ததும் அது சரேலென்று உள்ளே போய்விட்டது.

“வெக்கப்படுது” என்றார்.

“உங்க நிழல் விழுந்தா யாருதான் பயப்பட மாட்டாங்க? இது கட்டின வீடு அத்தான் இது. கடல்தரை பூரா இந்த வீடுங்கதான். தரைக்குள்ள காத்து போறது, தண்ணி போறது எல்லாம் இதுங்க போடற ஓட்டையாலதான். நாக்கு மீன் வந்து மேயறதும் இதுங்களைத்தான்.”

பிறகு அவரைப் பக்கத்து மேசைக்குக் கூட்டிப்போனாள். கடல்தரையில் குழாயைச் செருகி, உள்ளே இருக்கிற மண்ணை அடுக்கு குலையாமல் எடுத்து, நெடுக்காக வெட்டிப் பிளந்து வைத்திருந்தாள். கீழ்ப்பக்கம் பழுப்பு மணல். அதில் வளைகளும் பொந்துகளும் நிறைய. அதற்கு மேலே சாம்பல் நிறச் சேறு, கை நீளத்துக்கு. பழுப்புக்கும் சாம்பலுக்கும் நடுவில் கோடு கிழித்தது மாதிரி இருந்தது. அந்தச் சேறு எந்த நிறம், எந்த வாடை என்று கேப்டனுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அது அவர் கப்பல் வயிற்றிலிருந்து வந்தது.

“இங்க பாருங்க” என்று ஊசி முனையால் தொட்டுக் காட்டினாள்.

பழுப்பு மணலிலிருந்து மெல்லிய தடம் ஒன்று சேற்றுக்குள் மேல்நோக்கிப் போனது. அங்கங்கே வளைந்து, மறுபடி நேராகி, ஏறிக்கொண்டே போய்ப் பாதியில் நின்றது. நின்ற இடத்தில் ஒரு புழு. செத்து வெளுத்துப்போயிருந்தது. பக்கத்தில் இன்னொரு தடம். அதன் முடிவிலும் ஒன்று. அதற்குப் பக்கத்தில் இன்னும் ஒன்று. எல்லாமே தலையை மேலே வைத்துத்தான் கிடந்தன.

“மூடிட்டா மேல ஏறி வரத் தெரியும் இதுங்களுக்கு. புயலடிச்சா மணல் மூடத்தானே செய்யும், அதெல்லாம் பழக்கம். ஒரு சாண் மூடினா ஏறி வந்துடும். கொஞ்சம் கூடப் போனாலும் பாதிப் பேராவது வந்துடும். இது நீங்க கொட்டின மேட்டோட ஓரத்துல எடுத்தது. நடுவுல எடுக்கப் பாத்தேன், குழாய் முழுசும் சேறுதான் வந்துச்சு, தரையே எட்டல.”

கேப்டன் அந்தத் தடத்தின் மேல் குனிந்தார். கப்பல் குலுங்கி நிமிர்ந்த அந்த நேரத்தில் இது கீழே வீட்டுக்குள் இருந்திருக்கிறது. விளக்கணைந்த மாதிரி ஆகியிருக்கும். சரி, ஏறிப் பார்ப்போம் என்று கிளம்பியிருக்கிறது. அடுத்த நடையில் இவர் மறுபடி வந்து கதவைத் திறந்திருக்கிறார்.

“என்னைத் திட்டத்தான் கூப்பிட்டியா?”

“திட்டறதுன்னா போன்லயே திட்டியிருப்பேனே. ஒரு சந்தேகம் கேக்கணும். கப்பல் ஒரே எடத்துல நிக்காம, ஓடிக்கிட்டே, கொஞ்சம் கொஞ்சமா கொட்ட முடியுமா? ஒரு சாணுக்கு மேல சேறு உக்காராம?”

“கதவு அப்படிச் செஞ்சதில்லம்மா. திறந்தா மொத்தமும் போயிடும்.”

“முடியுமா முடியாதா?”

கேப்டன் அந்தத் தடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “பாக்கறேன்” என்றார்.

*

துறைமுகப் பொறியாளர் கெட்ட மனிதர் ஒன்றுமில்லை. பெரிய கப்பல்கள் வரிசை கட்டி நிற்கும்போது துறைமுக வாய் தூர்ந்துவிட்டால் எல்லார் கையும் அவரை நோக்கித்தான் நீளும். அவர் மேசைக்குப் பின்னால் இருந்த ஜன்னலில் துறைமுகம் முழுக்கத் தெரிந்தது. கேப்டன் சொல்லி முடிக்கும்வரை கேட்டுவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“புழுவுக்காகவா?”

“புழுவுக்காகத்தான் சார்.”

“புழுவைக் கேட்டுக்கிட்டுச் சேறு கொட்டணும்னு எனக்கு யாரும் சொல்லித்தரலையே” என்று சிரித்தார் பொறியாளர். கேப்டன் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். “ஓடிக்கிட்டே கொட்டினா நடைக்கு எவ்வளவு நேரம் கூடும்?”

“கூடத்தான் செய்யும். போகப்போகக் குறைச்சுடுவேன்.”

“சரி, மேட்டுக்கு அந்தப் பக்கம் நீளமா ஒரு பட்டை குறிச்சுத் தர்றேன். இந்தப் பருவம் முழுக்க அதுல கொட்டுங்க. ஆனா ரெண்டு விஷயம். வேலை பிந்தினா பதில் சொல்ல வேண்டியது நீங்க. அப்புறம், உங்க புழு பிழைக்கலன்னா பழையபடி ஒரே எடத்துல குவிச்சுட்டுப் போயிட்டே இருப்போம். மறுபடி இந்தப் பேச்சை எடுத்துக்கிட்டு நீங்க இங்க வரக்கூடாது.”

கேப்டன் தலையாட்டிவிட்டு வெளியே வந்தார். படி இறங்கும்போதுதான் அவருக்கு ஒன்று புரிந்தது. மேட்டுக்கு அந்தப் பக்கம் என்றால் அது மாமனாருக்கு மிச்சமிருக்கிற தரை.

அன்று சாயங்காலம் கேப்டன் போய்ச் சொல்வதற்குள், துறையில் சேதி கேட்டு மாமனாரே இங்கே வந்துவிட்டார். வாசலில் நின்றபடியே மகளைக் கூப்பிட்டார்.

“மிச்சம் இருக்கறதையும் மூடப் போறாராமே உன் வீட்டுக்காரர்? கேட்டுச் சொல்லு.”

“மாமா, மூடறது இல்ல மாமா. மெல்லிசா...” என்று கேப்டன் எழுந்து வந்தார்.

“மெல்லிசா மூடினாலும் மூடறதுதான்னு சொல்லு” என்று மகளிடம் சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார் மாமனார். அன்றிலிருந்து இந்த வீட்டுப் படி மிதிப்பதையும் நிறுத்திவிட்டார்.

*

கப்பலில் எஞ்சின்காரர் தலையில் அடித்துக்கொண்டார். “கதவுன்னா திறக்கணும், இல்ல மூடணும் கேப்டன். ஒருக்களிச்சு வைக்கறதுக்கு இது என்ன படுக்கையறைக் கதவா?”

ஆனாலும் ஆள் கைதேர்ந்தவர். இரண்டு மூன்று நாள் கதவுகளோடு மல்லுக்கட்டி, ஒரு கீற்று மட்டும் திறந்து நிற்க வைத்துவிட்டார். கப்பல் பட்டையின் ஒரு முனையில் நுழைந்து மெதுவாக மறுமுனை வரை ஓடும். பின்னால் தண்ணீரில் சாம்பல் நிறம் முந்தானை மாதிரி விரிந்துகொண்டே வரும். அடுத்த நடையில் அதற்குப் பக்கத்துக் கோடு, அதற்கடுத்த நடையில் அதற்கும் பக்கத்தில். தோட்டத்துக்குத் தண்ணீர் தெளிக்கிற மாதிரி, ஊற்றின இடத்திலேயே ஊற்றாமல் போனார்கள். சேறு எந்த அளவுக்கு உட்கார்ந்திருக்கிறது என்று மச்சினி அவ்வப்போது வந்து பார்த்துவிட்டுப் போனாள். அளவு தாண்டவில்லை. ஆட்கள் முணுமுணுத்தார்கள். வீட்டுக்குப் போக நேரமாகிறது என்றார்கள். கேப்டன் சுக்கானை யாரிடமும் கொடுக்காமல் தானே பிடித்துக்கொண்டு நின்றார்.

பருவம் முடிகிற நேரத்தில்தான் அது நடந்தது. வெயில் நன்றாக அடித்த ஒரு முற்பகல். அன்று ஏற்றிய சேற்றில் களிமண் அதிகம். கட்டியாக இறுகிக் கதவுக் கீற்றை அடைத்துக்கொண்டு இறங்க மாட்டேன் என்றது. எஞ்சின்காரர் கதவை இன்னும் துளி விலக்கினார். உள்ளே இருந்த களிமண் பாளம் ஒரே மூச்சில் சரிந்து கதவின் மேல் மோதியது. டமார் என்று ஒரு சத்தம். கதவைத் தாங்கிய எண்ணெய்க் குழாய் பிளந்து, கதவு தொபுக்கென்று தொங்கிவிட்டது.

“கேப்டன், நிக்கல! போகுது, எல்லாம் போகுது!”

கேப்டன் காலடியில் கப்பல் குலுங்கி எழும்புவதை உணர்ந்தார். நின்றால் அத்தனையும் ஒரே இடத்தில், அடியில் இருப்பவற்றின் தலையில் இறங்கும். போன பருவத்துச் சேற்றுமேடு இடது பக்கம், அதிக தூரமில்லை. அங்கே கெடுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

“முழு வேகம்!” என்று கத்திக்கொண்டே சுக்கானை இடது பக்கம் ஒடித்தார்.

பாரம் ஒரு பக்கமாக இறங்கிக்கொண்டிருக்கிற கப்பலை அப்படித் திருப்பக் கூடாதுதான். கப்பல் சாய்ந்தது. சமையலறையில் பாத்திரங்கள் உருளும் சத்தம் கேட்டது. யாரோ யாரையோ திட்டினார்கள். கேப்டன் பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்த பிடியை விடவில்லை. கப்பல் மேட்டை எட்டியபோது வயிற்றில் கொஞ்சம்தான் மிச்சமிருந்தது. வழியில் போனது போனதுதான்.

யாருக்கும் அடிபடவில்லை. எஞ்சின்காரர் முகமெல்லாம் எண்ணெயோடு மேலே வந்து, “என் தப்பு கேப்டன்” என்றார். “உங்க தப்பும் இல்ல, என் தப்பும் இல்ல, களிமண்ணோட தப்பு” என்றார் கேப்டன்.

துறைமுகத்துக்குத் திரும்பியதும் முதல் வேலையாக மச்சினியைப் போனில் கூப்பிட்டுச் சொன்னார். எந்த இடத்தில் ஆரம்பித்தது, எந்தப் பக்கமாகத் திரும்பியது எல்லாவற்றையும் சொன்னார்.

“நல்லதாப் போச்சு” என்றாள் அவள்.

“என்னது?”

“மெல்லிசாக் கொட்டின எடத்துக்குப் பக்கத்துலயே மொத்தமாக் கொட்டின எடமும் கிடைச்சுடுச்சே. ரெண்டையும் ஒப்பிட்டுப் பாக்கலாம்.”

இவளெல்லாம் என்ன பிறவி என்று கேப்டனுக்குத் தோன்றியது.

*

சில மாதம் கழித்துத் தரையைப் பார்க்கிற நாள் வந்தது. அந்த நேரம் பார்த்து ஆராய்ச்சிக்கூடத்துப் படகு பழுதாகிக் கரையில் ஏறி உட்கார்ந்துவிட்டது. மச்சினி கொஞ்சமும் யோசிக்காமல் அப்பாவின் படகைக் கேட்டாள். கப்பலிலிருந்து ஒருவர் கூட வர வேண்டும் என்று பொறியாளர் சொல்லியிருந்ததால் கேப்டனும் போக வேண்டியதாயிற்று. “ரெண்டு பேரையும் ஒரே படகுல ஏத்தறியே, ரெண்டு பேரும் திரும்பி வருவாங்களாடி?” என்று கேட்டாள் அக்கா.

காலையில் துறையில் மாமனார் கயிறைச் சுருட்டிக்கொண்டிருந்தார். மருமகன் வருவதைப் பார்த்துவிட்டுக் கடலைப் பார்த்துப் பேசினார்.

“செருப்போட ஏர்றவங்க கழட்டிட்டு ஏறினா நல்லது. இது கப்பல் இல்ல, படகு.”

கேப்டன் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஏறினார்.

வழி நெடுக எஞ்சின் சத்தம் மட்டும்தான். மச்சினி இரும்புக் கவ்வியைத் தயார் செய்தாள். வாயைப் பிளந்துகொண்டு இறங்கி, தரையைத் தொட்டதும் மூடிக்கொண்டு, ஒரு வாய் மண்ணோடு மேலே வருகிற கருவி அது. முதலில் கதவு உடைந்த இடத்துக்குப் போனார்கள். கவ்வி மேலே வந்து வாளியில் கக்கியது. சாம்பல் சேறு, அழுகின முட்டை நாற்றம். சல்லடையில் போட்டுக் கடல்தண்ணீரால் அலசினாள். கடைசியில் நூல் துண்டு மாதிரி சிவப்பாக நாலைந்து நெளிந்தன. அவ்வளவுதான். மாமனார் எட்டிப் பார்த்துவிட்டுக் கடலில் காறித் துப்பினார். கேப்டன் முகத்தில் ஈயாடவில்லை.

“இது எதிர்பார்த்ததுதான்” என்றாள் மச்சினி. “பட்டைக்குப் போங்கப்பா.”

பட்டையில் கவ்வி இறங்கியது. ஏறியது. அலசினாள். சல்லடையில் மணல் குழாய்கள் வந்தன. கேப்டன் ஆவலோடு குனிந்தார். ஒரு குழாயை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். காலி. அடுத்தது. அதுவும் காலி. இன்னொன்று, உடைந்த துண்டு, அதற்குள்ளும் ஒன்றுமில்லை. மச்சினி உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவள் உதட்டைக் கடித்தால் விஷயம் சரியில்லை என்று அர்த்தம் என்பது இரண்டு ஆண்களுக்குமே தெரியும்.

கேப்டன் படகின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். இதற்குத்தானா இத்தனை பாடு? நடு வழியில் நின்றுபோன அந்தத் தடங்கள் கண்ணுக்கு முன்னால் வந்தன. மெல்லிசா மூடினாலும் மூடறதுதான். மனிதர் சரியாகத்தான் சொன்னார். இனி எந்த முகத்தோடு அவர் வீட்டுப் பக்கம் போவது?

“இன்னொரு தடவை போடறேன்” என்றாள் மச்சினி. “கவ்வி வாய் சரியா மூடல போல. மேல இருக்கறது பூரா வழிஞ்சுட்டுது.”

இந்தத் தடவை மாமனாரே எழுந்து வந்து கயிறைப் பிடித்தார். நிதானமாக, ஆட்டாமல் அசைக்காமல் இறக்கினார். மேலே ஏற்றும்போதும் அவரே இழுத்தார். கவ்வி வாய் இறுக மூடியிருந்தது. மச்சினி அதை வாளியில் கக்க விடாமல் மேல்மூடியைத் திறந்து உள்ளே பார்த்தாள்.

அப்படியே நின்றாள்.

“என்னம்மா?” என்றார் கேப்டன்.

அவள் இரண்டு விரலை உள்ளே விட்டு, மெதுவாக, மெதுவாக ஒரு குழாயை உருவினாள். வர வர வந்துகொண்டே இருந்தது. சாதாரணக் குழாயைவிட நீளம். கீழ்ப்பாதி பழுப்பு மணல். மேல்பாதி சாம்பல். இரண்டும் ஒட்டுத் தெரியாமல் ஒன்றாக இருந்தன.

“சேத்தையே எடுத்துக் கட்டியிருக்கு” என்றாள். “அத்தான், நீங்க கொட்டின சேத்தையே எடுத்து மேல மாடி கட்டியிருக்கு. சிலது பழைய வீட்டை விட்டுட்டு மேல வந்து புதுசாக் கட்டியிருக்கு, அதான் கீழ எல்லாம் காலி. பாருங்க, உள்ள நிறைய இருக்கு!”

தண்ணீர்த் தட்டில் அதைப் போட்டாள். மூன்று தலைகளும் தட்டின் மேல் கவிந்தன. கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு சாம்பல் வாயிலிருந்து அந்தச் செம்மஞ்சள் கொத்து எட்டிப் பார்த்தது, தயங்கியது, விரிந்தது.

கேப்டன் கண்ணில் தண்ணீர் முட்டியது. கடல்காற்றுதான் என்று சொல்லிக்கொள்ளலாம் என்று முகத்தைத் திருப்பினார்.

மாமனார் நனைந்த கையால் ஒரு குழாயைத் தூக்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். “நாக்கு மீன் வயித்தைக் கீறினா உள்ள இதுதான் இருக்கும்” என்றார் யாரிடம் என்றில்லாமல். “உசுரோட இப்பதான் பாக்கறேன்.” பிறகு நிமிர்ந்தவர் கண்ணில் மருமகன் பட்டார். மருமகன் இன்னும் கையில் செருப்போடு, கடலைப் பார்த்து மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார். மாமனாருக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு கோபம் வந்ததோ.

“என்ன மாப்ளே, வேடிக்கையா பாக்கறீங்க? அந்தச் செருப்பைக் கீழ போட்டுட்டு வாளியில தண்ணி மொள்ளுங்க! இதெல்லாம் காயப் போகுது!”

கேப்டன் வாளியைத் தேடிக் குனிந்த வேகத்தில் படகு ஆடியது.

“பாத்து, பாத்து! இவ்வளவு பெரிய கப்பலை எப்படித்தான் ஓட்டறீங்களோ!”

“சரி மாமா” என்றார் கேப்டன். இத்தனை மாதத்தில் அவ்வளவு சந்தோஷமாக அவர் யாரிடமும் திட்டு வாங்கியதில்லை. தண்ணீர் மொண்டு கொடுத்துக்கொண்டே இருந்தார். போதும் என்று மச்சினி சொன்ன பிறகும் மொண்டார்.

*

மச்சினி உடனே எதையும் முடிவாகச் சொல்லிவிடுகிற ஆள் இல்லை. வாளிகளையெல்லாம் ஆராய்ச்சிக்கூடத்தில் அடுக்கி வைத்துக்கொண்டு, பல வாரம் அதிலேயே குந்தியிருந்தாள். ஒருநாள் மதியம் பொறியாளர் அறையில் எல்லாரும் கூடினார்கள். அவள் சொன்னது இதுதான்: பட்டையில் சில வகைகள் குறைந்துவிட்டன, இரண்டு வகை காணவே காணோம், மற்றவை மேலே ஏறி வந்துவிட்டன. குஞ்சுகளும் புதிதாக வந்து குடியேறியிருக்கின்றன.

“கதவு உடைஞ்ச எடம்?” என்று கேட்டார் பொறியாளர்.

“அங்க சின்ன சிவப்புப் புழு மட்டும்தான். இடிஞ்ச வீட்டுல முதல்ல புல்லு முளைக்குமே, அந்த மாதிரி ஆளுங்க இவங்க. வந்து கிளறிவிடுவாங்க. மத்தவங்க அப்புறம் வருவாங்க, வருஷம் பிடிக்கும்.”

“அந்தப் பெரிய மேடு?” என்று கேட்டார் கேப்டன். அவருக்கு அதைக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

அவள் பூசி மெழுகவில்லை. “ஓரத்துல உயிர் வந்திருக்கு அத்தான். நடுவுல ஒண்ணும் இல்ல. அது இப்போதைக்கு ஆகாது.”

பொறியாளர் ஜன்னல் வழியாகத் துறைமுக வாயைப் பார்த்தார். அந்தப் பருவம் வேலை கொஞ்சம் பிந்தினாலும் எந்தக் கப்பலும் தரை தட்டவில்லை என்பதை அவர் நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

“சரி, இனிமே ஓடிக்கிட்டே கொட்டுங்க. ஒரு பட்டையில ஒரு பருவம், அடுத்த பருவம் வேற பட்டை. மேட்டுப் பக்கம் யாரும் போக வேண்டாம், விட்டுருவோம். அந்தக் கதவை மட்டும் கொஞ்சம் நல்லதாப் போட்டுத் தர்றேன். மறுபடி விழுந்துகிழுந்து வைக்காதீங்க.”

வெளியே வந்து படியில் நின்றபோது கேப்டனுக்கு ஏதோ மறந்துவிட்ட மாதிரி இருந்தது. யோசித்துப் பார்த்தார். மறந்தது ஒன்றுமில்லை. நெஞ்சில் மாதக்கணக்காக உட்கார்ந்திருந்த ஒரு கனம் இறங்கிவிட்டிருந்தது, அவ்வளவுதான். பக்கத்தில் மச்சினி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, காணாமல் போன அந்த இரண்டு வகைகளைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டே வந்தாள். அவளுக்கு அதற்குள் அடுத்த கவலை ஆரம்பித்துவிட்டது.

மாமனார் மறுபடி வீட்டுக்கு வரப்போக ஆரம்பித்தார். வலையில் மீன் பழைய அளவுக்கு விழவில்லை. ஆனால் விழுந்தது. விழுந்ததில் நல்லதாக இரண்டை எடுத்து மகளிடம் கொடுத்துவிட்டு, மருமகன் பக்கம் திரும்பி, காற்று எந்தத் திசை, நீரோட்டம் எப்படி, அந்தக் கோடியில் ஏன் அவ்வளவு மெதுவாகப் போகிறீர்கள் என்று கேள்வி மேல் கேள்வி கேட்டார்.

அடுத்த பருவத்தின் முதல் நடை. புதுக் கதவு கீற்றளவு திறந்து சொன்னபடி நின்றது. பின்னால் தண்ணீரில் சாம்பல் நிறம் விரிந்துகொண்டு வந்தது. எஞ்சின்காரர் தேநீர்க் குவளையோடு மேலே ஏறி வந்து, கைப்பிடியில் சாய்ந்து, தண்ணீரைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“கீழ எல்லாரும் சௌக்கியமா கேப்டன்?” என்று கேட்டார். கிண்டலாகத்தான் ஆரம்பித்தார், கேட்டு முடிக்கும்போது அவர் முகத்தில் கிண்டல் இல்லை.

“சௌக்கியம்னுதான் கேள்வி” என்றார் கேப்டன்.

கடைசிச் சேறும் இறங்கிவிட்டதைப் பார்த்துக் கதவை மூடச் சொன்னார். கப்பலைத் துறைமுகத்தின் பக்கம் திருப்பினார். இன்னும் நிறைய நடை பாக்கி இருந்தது.